ஆங்கில வாக்கிய வகைகள்: வடிவமும் நோக்கமும்

1. முன்னுரை

ஆங்கில இலக்கணத்தை அறிமுகம் செய்யும் நூல்கள் வாக்கியங்களைச் செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி என நான்காகப் பகுப்பது வழக்கம். தமிழ்ப் பள்ளி இலக்கணமும் இப்பெயர்களையே கையாள்கிறது. இப்பாகுபாடு எளிதாகத் தோன்றினும், வாக்கியத்தின் வடிவத்தை அது குறிக்கிறதா, பேசுவோன் நோக்கத்தைக் குறிக்கிறதா என்னும் ஐயத்திற்கு இடந்தருகிறது. இவ்வையம் மொழிபெயர்ப்பில் விளைவிக்கும் இடர்ப்பாட்டையும் அதனை நீக்கும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. இரு வரிசைச் சொற்கள்

குவெர்க், கிரீன்பாம், லீச், ஸ்வார்ட்விக் ஆகியோர் 1985இல் வெளியிட்ட விரிவான ஆங்கில இலக்கணம் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. டிக்ளரேட்டிவ், இன்டராகட்டிவ், இம்பரேட்டிவ், எக்ஸ்கிளமேட்டிவ் என்பன வடிவப் பெயர்கள். ஸ்டேட்மென்ட், கொஸ்சன், டைரக்டிவ், எக்ஸ்கிளமேஷன் என்பன நோக்கப் பெயர்கள். தமிழில் இவ்விரு வரிசைகளுக்கும் பெரும்பாலும் ஒரே சொல் வழங்குவதால், மூலத்தில் உள்ள வேறுபாடு மொழிபெயர்ப்பில் மறைந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் வடிவம் பெரிதும் சொல்வரிசையால் அமைகிறது. ஆம், இல்லை என விடை வேண்டும் வினாவில் துணைவினை எழுவாய்க்கு முன் வருகிறது. ஏவலில் பொதுவாக எழுவாய் தோன்றுவதில்லை; வினை அடிவடிவில் நிற்கிறது. 'ஹவ் டால் இஸ் ஷி' என்பது வினா. 'ஹவ் டால் ஷி இஸ்' என்பது வியப்பு. இங்குச் சொற்கள் ஒன்றே, வரிசையே வேறு. தமிழில் 'அவள் எவ்வளவு உயரம்' என்னும் ஒரே தொடர், ஓசை வேறுபாட்டால் இரண்டிற்கும் பயன்படும். எனவே தமிழில் உணர்ச்சித் தொடர் என்பது பெரிதும் நோக்கம்பற்றிய பெயரே. ஆங்கிலத்தில் எக்ஸ்கிளமேட்டிவ் என்பதோ குறிப்பிட்டதொரு வடிவத்தின் பெயர்.

3. வடிவமும் நோக்கமும் மாறுபடுமிடம்

'கேன் யூ ஓப்பன் த டோர்' என்பது வடிவால் வினா, நோக்கத்தால் பணிப்பு. இத்தகையவற்றைச் சர்ல் 1975இல் மறைமுகப் பேச்சுச் செயல்கள் என விளக்கினார். தமிழ் மரபுக்கு இக்கருத்து புதியதன்று. நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கிறது. 'விளக்கேற்றினாயா?' என ஒருவர் கேட்பது, ஏற்றுமாறு ஏவுவதாயின் அது ஏவல்வினா. கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா?' என்பது கொளல்வினா. ஆறும் வடிவால் வினாவே. அவற்றைப் பிரிப்பது நோக்கம். வினாவுக்கு எதிர்வினாவாக வருவதையும் நன்னூல் விடைவகைகளுள் ஒன்றாகக் கொள்வது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

எதிர்மறையான சான்றும் உண்டு. தேர்வு வினாத்தாளில் 'விளக்குக', 'வேறுபடுத்துக' என வருவன வினா எனப்படினும், வடிவால் வியங்கோள் முற்றுகளே.

4. மொழிபெயர்ப்பில் விளைவு

இவ்வேறுபாடு சட்ட மொழிபெயர்ப்பில் மிக இன்றியமையாதது. ஆங்கிலச் சட்டத்தொடர்களில் 'ஷல்' பெற்று வரும் வாக்கியம் வடிவால் டிக்ளரேட்டிவ்; நோக்கத்தால் கடமை விதிப்பது. ஆங்கில ஏவல் பெரும்பாலும் முன்னிலைக்கே உரியது. சட்டமோ படர்க்கையாரை நோக்கியது. ஆதலால் அங்கு ஏவல் வடிவம் பொருந்துவதில்லை. இதனை வடிவம் ஒன்றையே கொண்டு 'உரிமையாளர் வரி செலுத்துவார்' எனப் பெயர்த்தால் விதி வெறும் எதிர்காலச் செய்தியாகிவிடும், கடமை நழுவும். 'செலுத்துதல் வேண்டும்' என்பதே நோக்கத்தைக் காக்கும். தமிழ் வியங்கோள் படர்க்கைக்கும் உரியதாயினும், வாழ்த்து, வேண்டுகோள் ஆகியவற்றுக்கும் அது வழங்குவதால் கடமையின் கண்டிப்பை ஐயமின்றி உணர்த்தாது.

நாடகம், புதினம் ஆகியவற்றின் உரையாடலிலும் இதே சிக்கல் எழும். 'கேன் யூ' என்பதை எல்லா இடத்தும் 'முடியுமா' எனப் பெயர்த்தால், பணிவான வேண்டுகோள் ஆற்றலைப் பற்றிய வினாவாகப் படக்கூடும். சூழல் நோக்கிக் 'கதவைத் திறக்கிறீர்களா?' எனவோ 'கொஞ்சம் திறங்களேன்' எனவோ பெயர்ப்பது பொருந்தும்.

5. முடிவுரை

வடிவத்திற்கு விளம்பல், வினா, ஏவல், வியப்பு எனவும், நோக்கத்திற்குக் கூற்று, கேள்வி, பணிப்பு, உணர்ச்சி வெளிப்பாடு எனவும் இருவேறு வரிசைகளை வழங்கலாம். இச்சொற்களை மாற்றிக்கொள்ளலாம்; வரிசை இரண்டு என்பதை மட்டும் விடலாகாது. மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் வடிவத்தை முதலிலும் நோக்கத்தை அடுத்தும் தனித்தனியே குறித்துக்கொண்டு, பின் அந்நோக்கத்திற்குத் தமிழில் இயல்பாக வழங்கும் வடிவத்தைத் தேர்வது முறையாகும்.