24 நாள் முதல்வர்!

வடபழனி பஸ் டிப்போ பக்கத்து டீக்கடையில் ஆபீஸ் நண்பர்களிடம் ஒரு கேள்வி போட்டேன். தோற்றால் டீக்காசு அவர்களுடையது.

"தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர் யாருப்பா?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா சார்? ஜெயலலிதா!" என்றார்கள் கோரஸாக.

டீ இனித்தது. சரியான விடை, வி.என்.ஜானகி!

சினிமா ஊரான வடபழனியிலேயே இவரை மறக்கலாமா? 1950-ல் வந்த 'மருதநாட்டு இளவரசி'யில் எம்.ஜி.ஆருக்கு ஜோடி. பிறகு நடிப்பை விட்டு, அவர் மனைவியாக வீட்டோடு இருந்தவர். 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்ததும் கட்சி இரண்டாக உடைந்தது. எதிரணியில் நின்றவரும் எம்.ஜி.ஆரின் கதாநாயகிதான். நம்ம விஜயா - வாஹினி நாகி ரெட்டி தயாரித்த 'நம் நாடு' (1969) பார்த்திருப்பீர்களே, அதே ஜெயலலிதா. (அந்த ஸ்டுடியோ நிலத்தில் இன்று ஆஸ்பத்திரியும் மாலும்!)

அதுவரை எந்தத் தேர்தலிலும் நிற்காத ஜானகி, 1988 ஜனவரி 7-ல் முதல்வரானார். 28-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. சபைக்குள்ளேயே அடிதடி, போலீஸ் உள்ளே புகுந்து தடியைச் சுழற்றியது. 30-ம் தேதி மத்திய அரசு ஆட்சியைக் கலைத்தது.

'புருஷன் போனார், பொண்டாட்டி வந்தார், அவ்வளவுதானே?' என்பீர்கள். இலங்கையில் 1960-ல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோவையும் அப்படித்தான் சொன்னார்கள். அவருக்குக் காலம் கிடைத்தது, நிரூபித்தார். இருபத்து நாலு நாளில் யார்தான் என்ன செய்ய முடியும்? நமக்கு ஒரு பைல் நகரவே ஒரு மாசம் ஆகிறது!

ஜானகியை நான் மதிப்பது நாற்காலிக்காக அல்ல, அதற்குப் பிறகு நடந்ததற்காக. 1989 தேர்தலில் இரட்டை இலை முடக்கப்பட்டிருந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். ஆண்டிபட்டியில் ஜானகி தோற்றார். கோர்ட், கேஸ் என்று இழுத்தடிக்கவில்லை. இரு அணிகளும் இணைய வழிவிட்டு, அரசியலை விட்டே ஒதுங்கினார். இரட்டை இலை திரும்பி வந்தது. 1991-ல் அந்தச் சின்னத்தில் ஜெயித்துத்தான் ஜெயலலிதா முதல்வரானார்.

அவ்வை சண்முகம் சாலையில் இருக்கும் கட்சித் தலைமை அலுவலகம்கூட ஜானகி கொடுத்த சொத்துதான்!