தீவுச் சாலையில் மூன்று வரிசை வாகனம்

அந்தமான் பெருவழிச் சாலையின் ஜிர்காடாங் சோதனைச் சாவடிக்கு வரும் வாகனம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அணிவகுப்பு புறப்படும் வரை காத்திருந்தே ஆக வேண்டும். பின்னர் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் ஊடே மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாமல், எங்கும் நிறுத்தாமல் செல்ல வேண்டும். மிடில் ஸ்ட்ரெயிட் துறையில் வாகனத்துடன் படகேறியே பாராடாங் தீவை அடைகிறோம். ஆடி க்யூ7 போன்ற சொகுசு வாகனத்தின் வேகத்திற்கு இங்கே வேலையில்லை. அது நல்லதே, அந்தக் காடு நமக்குரியதன்று.

ஆயினும் மூன்று தலைமுறை ஒன்றாகப் பயணிக்கும் குடும்பத்திற்கு ஏழு இருக்கைகள் பெரும் வசதி. மூன்றாம் வரிசையை விரித்தால் பெட்டிகளுக்கான இடம் சுருங்கும் என்பதை மட்டும் மறத்தலாகாது. வாங்குமுன் வீட்டிலேயே உயரமானவரை அங்கே அமர்த்திப் பார்ப்போம். அவர் முழங்கால் உண்மையைச் சொல்லும்.

2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை வாகனங்கள் மீதான வரிச்சுமை, மேல்வரி உட்பட 50 விழுக்காட்டிலிருந்து 40 ஆகக் குறைந்தது. வாங்கும் ஆவல் கூடியிருப்பது இயல்பே. ஆனால் கணக்கை இன்னும் சற்று நீட்டிப் பார்ப்போம். ஒரு கோடி ரூபாய் வாகனத்திற்கு 90 லட்சம் கடன், ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டி, 7 ஆண்டுத் தவணை எனக் கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 1,44,800 ரூபாய். மூன்றாண்டு முடிவில் நிலுவை சுமார் 58 லட்சம். அப்போது காப்பீட்டு மதிப்போ, 40 விழுக்காடு தேய்மானம் போக, 60 லட்சமே. விபத்தில் வாகனம் முற்றிலும் அழிந்தால், கடனை அடைத்தபின் நம் கையில் நிற்பது இரண்டு லட்சம்.

தீவில் இந்த இடர் பெரிது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, காற்றெங்கும் உப்பு. துரு தேய்மானமாகவே கருதப்படுவதால் காப்பீடு அதற்கு ஈடு தராது. இயந்திரத்துள் நீர் புகுந்த பழுதும், தனியாக இயந்திரப் பாதுகாப்பு பெற்றிருந்தாலன்றி, நம் செலவே. உதிரிபாகம் சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வர வேண்டும். அது வரும்வரை வாகனம் நின்றாலும் தவணை நிற்பதில்லை.

ஆகவே கடன் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் முன், விற்பனையாளரிடம் ஸ்ரீ விஜயபுரத்திலேயே (முன்னாள் போர்ட் பிளேர்) பழுது நீக்க வழியுண்டா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுவோம். அடிக்கசிவுக்கு எதிரான பூச்சு, விலைப்பட்டியல் மதிப்பை மீட்டுத் தரும் கூடுதல் காப்பீடு ஆகியவற்றின் செலவையும் முதல் நாளிலேயே கணக்கில் சேர்ப்போம்.