பம்பாய் ரத்தம்

'ஓ' வகை ரத்தம் உடையவர் கர்ணனைப் போல யாவருக்கும் தானம் செய்யலாம் என்று பாடப் புஸ்தகத்தில் போதிக்கிறோம். அந்த 'ஓ' ரத்தமே சிலருக்கு யமனாகும். 1952-ல் இவ்விந்தையை உலகுக்கு அறிவித்தவர்கள் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் பெண்டே முதலானோர். இங்கிலாந்து விஞ்ஞானிகள் சிலரும் கைகொடுத்தனர். ஆயினும் பெயர் என்னவோ பம்பாய்க்கே நிலைத்தது. நமக்கு அதில் திருப்திதான்.

நம் சிவப்பணுக்களின் மேல் 'எச்' என்றொரு சர்க்கரைப் பொருள் உண்டு. 'ஏ', 'பி' என்னும் அடையாளங்கள் அதன் மீதே அமைகின்றன. 'ஓ' வகையில் 'எச்' மட்டும் நிற்கிறது. பம்பாய் வகையினருக்கோ அதுவும் இல்லை. ஆகவே அவர்கள் உடல் 'எச்'சைச் சத்துருவாகப் பாவித்து, உட்புகும் அணுக்களைச் சிதைத்துவிடுகிறது. அவர்களுக்கு அதே வகை ரத்தமே ஏற்கும். இந்தியாவில் அவ்வகையினர் சுமார் 10,000 பேரில் ஒருவர்.

அணுக்களை மாத்திரம் சோதித்தால் இது 'ஓ' என்றே தோன்றும். ஸீரத்தை 'ஓ' அணுக்களுடன் கலந்தால் அவை திரண்டு, உண்மை வெளிப்படும். இரண்டாவது சோதனையைச் சிரமமென்று விடுவது, நம் கருத்தில், மன்னிக்கத் தக்கதன்று.

தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தாலே இது நேரும். மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் குடும்பங்களில் அதற்கு இடம் அதிகம். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தார் யாவரும் சோதித்துக்கொள்வது அவசியம். பெரும்பாலும் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால், நோயாளியின் சொந்த ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமிப்பதும் உண்டு.