மடிந்த காதும் எலும்பின் அளவும்

1961ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பண்ணை ஒன்றில், காதுகள் முன்னோக்கி மடிந்த வெள்ளைப் பூனை ஒன்று காணப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே ‘ஸ்காட்டிஷ் ஃபோல்டு’ எனும் வளர்ப்பினமாகப் பெருகின. வட்ட முகமும் மடிந்த காதும் காண்போரைக் கவர்ந்தன. ஆயின், காது மடிவதற்குக் குருத்தெலும்பின் குறைபாடே காரணம். அக்குறைபாடு காதோடு நின்றுவிடவில்லை என்பதை எக்ஸ் கதிர்ப் படங்கள் காட்டின.

படத்தில் எலும்பை அளப்பது எளிதன்று. படத்தகட்டிலிருந்து எலும்பு விலகியிருப்பின் அதன் நிழல் பெரிதாக விழும். பூனைகளும் ஒரே பருமன் உடையன அல்ல. ஆதலால் நீளத்தை மட்டும் ஒப்பிடுவதினும், நீளத்திற்கும் அகலத்திற்கும் உள்ள விகிதத்தை ஒப்பிடுவதே பொருத்தமாகும். நிமிர்ந்த காதுடைய பூனைகளின் பாத எலும்புகள் மெலிந்து நீண்டிருக்கும். மடிந்த காதுடையவற்றிலோ அவை குட்டையாகவும் தடித்தும் அமைவதுண்டு. நோய் முற்றினால் வால் முள்ளெலும்புகளும் அவ்வாறே குட்டையாகும். கணுக்கால் மூட்டைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து மூட்டே இறுகிவிடும். இவ்வினத்தின் சாதுவான இயல்பு எனப் புகழப்படுவது, சில பூனைகளில் துள்ள இயலாத வலியாகவும் இருக்கலாம்.

இதற்குக் காரணமான மரபணு மாற்றம் 2016இல் கண்டறியப்பட்டது. தாய், தந்தை இருவருள் ஒருவரிடமிருந்து மட்டும் அம்மாற்றம் வந்தாலும் குட்டியின் காது மடியும், எலும்பும் மாறும்.