சோடியம் குறைந்த புரத உணவு

சோடியம் குறைந்த புரத உணவு என்பது உடலுக்குத் தேவையான புரதத்தை முழு அளவில் பெற்றுக்கொண்டு, சோடியத்தின் அளவை வரம்புக்குள் வைத்திருக்கும் உணவு முறை ஆகும். உயர் இரத்த அழுத்தம் உடையோர், முதியோர், உடற்பயிற்சி செய்வோர் ஆகியோருக்கு இம்முறை பெரிதும் பயன்படுகின்றது. புரதத்தைக் கூட்ட முனைவோர் பலர் பதப்படுத்திய இறைச்சி, பாலாடைக்கட்டி, கருவாடு போன்றவற்றை நாடுவதால், அவர்களை அறியாமலேயே சோடியமும் கூடிவிடுகின்றது. ஆனால் பெரும்பாலான புரத உணவுகள் இயற்கை நிலையில் மிகக் குறைந்த சோடியத்தையே கொண்டுள்ளன. பதப்படுத்தும்போதும் சமைக்கும்போதும் சேர்க்கப்படும் உப்பே அவற்றைச் சோடியம் மிகுந்த உணவுகளாக மாற்றுகின்றது.

## புரதத் தேவை

புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. தசை, தோல், நொதிகள், நோய் எதிர்ப்புப் பொருட்கள் முதலியவற்றை உருவாக்க இது தேவைப்படுகின்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரையின்படி, நலமுள்ள வளர்ந்தோருக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. இக்கணக்கின்படி 65 கிலோகிராம் எடையுள்ள ஆணுக்கு 54 கிராமும், 55 கிலோகிராம் எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராமும் தேவைப்படும்.

முதுமையில் தசை இழப்பு ஏற்படுவதால், 65 வயதைக் கடந்த நலமுள்ளோர் கிலோகிராமுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை உண்ணலாம் எனப் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013 இல் பரிந்துரைத்தது. உயர் இரத்த அழுத்தம் மிகுதியாகக் காணப்படுவதும் இதே வயதினரிடையே ஆகும். எனவே புரதத்தைக் கூட்டுவது, சோடியத்தைக் குறைப்பது ஆகிய இரு அறிவுரைகளையும் ஒருவரே ஒரே காலத்தில் பின்பற்ற வேண்டிய நிலை பலருக்கு ஏற்படுகின்றது.

## சோடியமும் உப்பும்

சோடியம் உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர்மத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் முதன்மையான தனிமம் ஆகும். நரம்புகளும் தசைகளும் இயங்குவதற்கும் இது இன்றியமையாதது. உட்கொள்ளும் சோடியம் மிகும்போது உடல் கூடுதலான நீரைத் தேக்கி வைக்கின்றது. இதனால் இரத்தத்தின் கன அளவு கூடி, இரத்த அழுத்தமும் உயர்கின்றது. நீண்ட காலம் நீடிக்கும் உயர் இரத்த அழுத்தம் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவற்றுக்கு வழிவகுக்கும்.

வளர்ந்தோர் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் உட்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இது 5 கிராம் உப்புக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்புக்குச் சமம். 2019 ஆம் ஆண்டில் உலக மக்களின் சராசரி உட்கொள்ளல் 4,310 மில்லிகிராம் என இந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இது வரம்பைப் போல இரு மடங்குக்கும் கூடுதலாகும்.

சோடியம் என்பதும் உப்பு என்பதும் ஒன்றல்ல. சமையல் உப்பு சோடியம் குளோரைடு என்னும் சேர்மம். அதன் எடையில் ஏறத்தாழ 39 விழுக்காடு மட்டுமே சோடியம். எனவே 1 கிராம் உப்பில் 393 மில்லிகிராம் சோடியம் உள்ளது.

## சோடியம்–புரத விகிதம்

ஓர் உணவில் உள்ள சோடியத்தின் அளவை (மில்லிகிராமில்) அதன் புரத அளவால் (கிராமில்) வகுத்தால், ஒவ்வொரு கிராம் புரதத்துடனும் எவ்வளவு சோடியம் உடலுக்குள் செல்கின்றது என்பது தெரியும். இது அலுவல்முறை அளவீடு அன்று. உணவுகளை ஒப்பிட உதவும் எளிய கணக்கு மட்டுமே.

நாளொன்றுக்கு 54 கிராம் புரதமும் 2,000 மில்லிகிராம் சோடியமும் என எடுத்துக்கொண்டால், முழு உணவுக்குமான விகிதம் 37 ஆகும். சோறு, காய்கறி, குழம்பு ஆகியவற்றுக்கும் உப்பு தேவைப்படுவதால், புரத உணவுகளின் விகிதம் இதைவிட மிகக் குறைவாக இருப்பதே நல்லது. கீழுள்ள அட்டவணையில் 100 கிராம் உணவில் உள்ள தோராயமான அளவுகள் தரப்பட்டுள்ளன. பருப்பு, இறைச்சி, மீன் ஆகியவற்றின் அளவுகள் சமைக்காத நிலைக்குரியவை.

| உணவு | புரதம் (கிராம்) | சோடியம் (மி.கி.) | விகிதம் |
|---|---|---|---|
| நிலக்கடலை, உப்பில்லாதது | 26 | 18 | 1க்கும் குறைவு |
| துவரம் பருப்பு | 22 | 17 | 1 |
| கொண்டைக்கடலை | 20 | 24 | 1 |
| கோழி நெஞ்சுக்கறி | 22 | 45 | 2 |
| காட் மீன், புதியது | 18 | 54 | 3 |
| கோழி முட்டை | 12.6 | 142 | 11 |
| பசும்பால் | 3.2 | 43 | 13 |
| செடார் பாலாடைக்கட்டி | 23 | 650 | 28 |
| அப்பளம், பொரிக்காதது | 25 | 1,700 | 68 |
| பதப்படுத்திய பாலாடைக்கட்டி | 18 | 1,670 | 93 |
| காட் மீன், உப்பிட்டு உலர்த்தியது | 63 | 7,000 | 111 |
| சோயா சாறு | 8 | 5,500 | 690 |

அட்டவணையில் காட் மீன் இரு முறை இடம்பெற்றிருப்பதைக் காணலாம். புதிய மீனில் 3 ஆக உள்ள விகிதம், உப்பிட்டு உலர்த்திய பின் 111 ஆக உயர்கின்றது. உலர்த்தும்போது நீர் வெளியேறுவதால் புரதம், சோடியம் இரண்டும் செறிவடைவது உண்மையே. ஆனால் நீர் வெளியேறுவதால் மட்டும் விகிதம் மாறாது. மாற்றம் முழுவதும் சேர்க்கப்பட்ட உப்பினால் ஏற்பட்டதாகும். உப்பிட்ட கருவாடுகளுக்கும் இது பொருந்தும். உப்பிடாமல் வெயிலில் மட்டும் உலர்த்திய மீனில் இவ்வளவு சோடியம் இராது.

உளுந்தில் செய்யப்படும் அப்பளமும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உளுந்தில் சோடியம் மிகக் குறைவு. அப்பள மாவில் சேர்க்கப்படும் உப்பும் அப்பளக்காரமுமே அதனைச் சோடியம் மிகுந்த உணவாக்குகின்றன.

## ஆய்வுகள்

சோடியத்தின் விளைவை ஆராய்ந்த டாஷ்-சோடியம் ஆய்வின் முடிவுகள் 2001 இல் வெளியாயின. 412 பேர் பங்கேற்ற இவ்வாய்வில், சோடியம் குறையக் குறைய இரத்த அழுத்தமும் குறைவது கண்டறியப்பட்டது. வழக்கமான அமெரிக்க உணவை உண்டோர், பழங்களும் காய்கறிகளும் கொழுப்பு குறைந்த பாற்பொருட்களும் மிகுந்த டாஷ் உணவை உண்டோர் ஆகிய இரு பிரிவினரிடமும் இவ்விளைவு காணப்பட்டது.

2005 இல் வெளியான ஓம்னிஹார்ட் ஆய்வு புரதத்தின் விளைவை ஆராய்ந்தது. இதில் 164 பேர் மூன்று வகை உணவுகளை வகைக்கு ஆறு வாரங்கள் உண்டனர். மூன்றிலும் சோடியம் ஒரே அளவில் வைக்கப்பட்டது. மாவுச்சத்து மிகுந்த உணவில் 15 விழுக்காடு ஆற்றல் புரதத்திலிருந்து கிடைத்தது; புரதம் மிகுந்த உணவில் இது 25 விழுக்காடு. பின்னதில் ஏறத்தாழப் பாதி தாவரப் புரதம் ஆகும். மாவுச்சத்து உணவுடன் ஒப்பிடுகையில், புரத உணவு சுருங்கியக்க இரத்த அழுத்தத்தை 1.4 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடுதலாகக் குறைத்தது. உயர் இரத்த அழுத்தம் உடையோரிடம் இக்குறைவு 3.5 மில்லிமீட்டராக இருந்தது. சோடியத்தைக் கூட்டாமல் புரதத்தைக் கூட்ட இயலும் என்பதையும், அதனால் இரத்த அழுத்தம் உயர்வதில்லை என்பதையும் இவ்வாய்வு காட்டுகின்றது.

## ஒரு நாள் உணவுக் கணக்கு

65 கிலோகிராம் எடையுள்ள, மரக்கறி உணவு உண்ணும் ஒருவரின் ஒரு நாள் உணவைப் பின்வருமாறு கணக்கிடலாம்.

* அரிசி, 200 கிராம்: புரதம் 14 கிராம்
* துவரம் பருப்பு, 60 கிராம்: புரதம் 13 கிராம்
* பாலும் தயிரும் சேர்த்து, 400 மில்லிலீட்டர்: புரதம் 13 கிராம்
* கொண்டைக்கடலை, 40 கிராம்: புரதம் 8 கிராம்
* நிலக்கடலை, 25 கிராம்: புரதம் 6.5 கிராம்

இவற்றின் மொத்தப் புரதம் ஏறத்தாழ 54 கிராம். இவற்றில் இயற்கையாக உள்ள சோடியம் 200 மில்லிகிராம் அளவே. அதிலும் பெரும்பகுதி பாலிலிருந்து வருவது. 2,000 மில்லிகிராம் வரம்பில் எஞ்சும் 1,800 மில்லிகிராம் ஏறத்தாழ 4.5 கிராம் உப்புக்குச் சமம். நாள் முழுவதும் சாம்பார், பொரியல், சுண்டல், இட்லி மாவு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒருவருக்குரிய உப்பு இவ்வளவே. ஊறுகாய், அப்பளம், கருவாடு, நொறுக்குத்தீனி ஆகியவற்றில் உள்ள உப்பும் இதற்குள் அடங்க வேண்டும்.

மேற்கண்ட உப்பிட்ட காட் மீனில் 25 கிராம் துண்டு ஒன்றை ஊறவைக்காமல் உண்டால், அதில் மட்டுமே 1,750 மில்லிகிராம் சோடியம் இருக்கும். அதிலிருந்து கிடைக்கும் புரதமோ 16 கிராமுக்கும் குறைவு. ஏறத்தாழ அதே அளவு புரதத்தைத் தரும் 70 கிராம் கோழி நெஞ்சுக்கறியில், உப்பு சேர்ப்பதற்கு முன், 32 மில்லிகிராம் சோடியமே உள்ளது.

## சமையல் முறைகள்

* உப்பை அளத்தல்: கைக்கணக்கில் இடாமல், வீட்டினர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு நாளுக்குரிய உப்பைக் காலையிலேயே அளந்து தனியே வைத்துக்கொண்டால், வரம்பை மீறுவது உடனே தெரியும்.
* இறுதியில் இடுதல்: சுண்டல், முட்டை முதலியவற்றை உப்பின்றி வேகவைத்து, இறுதியில் சிறிதளவு தூவினால் உப்பு மேற்பரப்பில் தங்குகின்றது. குறைந்த அளவிலேயே சுவை தெரியும்.
* சமையல் சோடாவைத் தவிர்த்தல்: கடலை விரைவில் வேகச் சிலர் சமையல் சோடா சேர்ப்பர். அதன் எடையில் 27 விழுக்காடு சோடியம். இரவு முழுவதும் ஊறவைத்தால் சோடா தேவைப்படாது.
* ஊறவைத்துக் கழுவுதல்: உப்பிட்ட கருவாட்டை நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவினால் உப்பின் ஒரு பகுதி நீங்கும். தகரத்தில் அடைத்த பயறு வகைகளை வடிகட்டிக் கழுவினால் சோடியம் ஏறத்தாழ 40 விழுக்காடு வரை குறையும்.
* பிற சுவைகள்: புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை ஆகியவை உப்பின் குறையை ஈடுசெய்ய உதவுகின்றன.

## பொதிகளின் குறிப்புகள்

இந்தியாவில் 2020 ஆம் ஆண்டின் உணவுப் பொதிக் குறிப்பு ஒழுங்குவிதிகளின்படி, பொதிகளில் புரதமும் சோடியமும் குறிக்கப்பட வேண்டும். இவ்விரு எண்களைக் கொண்டு விகிதத்தைக் கணக்கிடலாம். எடுத்துக்காட்டாக, 10 கிராம் புரதமும் 900 மில்லிகிராம் சோடியமும் உள்ள உணவின் விகிதம் 90. பொதியின் முகப்பில் ‘புரதம் மிகுந்தது’ என அச்சிடப்பட்டிருந்தாலும், அன்றாடப் புரதத்துக்கு இத்தகைய உணவை நம்பியிருத்தல் தகாது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சோடியத்துக்கு மாற்றாக உப்பின் அளவு குறிக்கப்படுகின்றது. அதனை 2.5 ஆல் வகுத்தால் சோடியத்தின் அளவு கிடைக்கும். சில நாடுகளில் இறைச்சி சாறுடன் இருப்பதற்காக அதனுள் உப்புநீர் செலுத்தி விற்கப்படுவதும் உண்டு. எனவே பச்சை இறைச்சியாயினும் பொதியிலுள்ள குறிப்பைப் படிப்பது நன்று.

## மாற்று உப்புகள்

இந்துப்பு, கல்லுப்பு, கடலுப்பு ஆகியவை சோடியம் குறைந்தவை என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. இவை அனைத்தும் பெரும்பாலும் சோடியம் குளோரைடே ஆகும். மேலும் அயோடின் சேர்க்கப்படாத இந்துப்பை மட்டும் பயன்படுத்தினால் அயோடின் பற்றாக்குறை ஏற்பட வாய்ப்புண்டு.

சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்ட உப்புகள் உண்மையிலேயே சோடியம் குறைந்தவை. சீனாவில் 600 ஊர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியோரிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. எனினும் சிறுநீரக நோயாளிகளுக்கும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் மருந்துகளை உண்போருக்கும் இவ்வுப்பு ஆபத்தானது. இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பு சீர்குலைந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

## கவனிக்க வேண்டியவர்கள்

நாட்பட்ட சிறுநீரக நோய் உடையோருக்குப் புரதத்தைக் கூட்டுதல் பொருந்தாது. சிறுநீரக நோய்க்கான 2024 ஆம் ஆண்டுப் பன்னாட்டு வழிகாட்டி, மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரையிலான வளர்ந்த நோயாளிகள் கிலோகிராமுக்கு 0.8 கிராம் என்னும் அளவைப் பேணுமாறு கூறுகின்றது. குருதிச் சுத்திகரிப்பு செய்துகொள்வோருக்குப் புரதத் தேவை இதைவிடக் கூடுதல். ஆகவே ஒரு நோயாளிக்குக் கூறப்பட்ட அளவை மற்றொருவர் பின்பற்றக் கூடாது. கருவுற்றோர், பாலூட்டுவோர், வளரும் குழந்தைகள் ஆகியோரின் புரதத் தேவையும் வேறுபட்டது.

கடும் வெயிலில் நீண்ட நேரம் உழைத்து மிகுதியாக வியர்ப்போர், வயிற்றுப்போக்கால் நீரிழப்புக்கு உள்ளானோர் ஆகியோர் சோடியத்தை இழக்கின்றனர். அந்நிலையில் உப்பைக் கடுமையாகக் குறைப்பது தீங்கு விளைவிக்கலாம்.