வயலுக்குள் மறைந்த எல்லைகள்

இங்கிலாந்தில் ஒரு விவசாயி தம் நிலத்து உயிர்வேலியை அகற்றலாமா என்ற கேள்விக்குச் சில வேளைகளில் வரலாறுதான் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பாரிஷ்’ எனப்படும் திருச்சபை வட்டத்தின் எல்லை 1850-க்கு முன்பே இருந்து, அதைக் குறிக்கும் வேலிக்குக் குறைந்தது 30 ஆண்டு வயதும் இருந்தால், 1997-ஆம் ஆண்டின் உயிர்வேலி விதிகள் அதற்குப் பாதுகாப்பளிக்கின்றன. வேலி அழிந்து, அதையொட்டிய எல்லைப் பள்ளமும் உழவில் தூர்ந்துவிட்ட இடங்களில் இந்த விதிகளுக்கு வேலையில்லை. அங்கே எஞ்சியிருக்கும் சாட்சி, வானிலிருந்து எடுக்கப்பட்ட படங்களே.

தூர்ந்த பள்ளத்தில் ஆழமான மண் சேர்ந்திருக்கும். அது ஈரத்தை நெடுநாள் காக்கும். மழை பொய்க்கும்போது சுற்றுப்புறப் பயிர் வெளுக்க, பள்ளத்தின் மேலுள்ள பயிர் மட்டும் உயர்ந்து, பசுமையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் இதற்கு நேர்மாறு. பிரிட்டனின் நில அளவைத் துறையில் 1920-இல் முதல் தொல்லியல் அலுவலராகப் பொறுப்பேற்ற ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டு, இத்தகைய தடங்களை முறையாக ஆராய வழிகாட்டினார். 2018-ஆம் ஆண்டின் கடும் கோடையிலும் இவ்வாறு பல புதிய தடங்கள் வெளிப்பட்டன.

ஆயினும் படத்தில் தெரியும் பச்சைக் கோட்டில் ஆண்டு எழுதப்பட்டிருப்பதில்லை. வடிகாலும் குழாய் பதித்த பள்ளமும்கூட அதே தோற்றம் தரும். ஆகவே அக்கோட்டை 1836-ஆம் ஆண்டுத் தசமபாகச் சட்டத்தையொட்டி வரையப்பட்ட வரைபடங்களோடும், ஓடை, மரம், பள்ளம் என எல்லையை வரிசையாகச் சொல்லும் ஆங்கிலோ-சாக்சன் சாசனங்களோடும் ஒப்பிட வேண்டும். மூன்றும் ஒத்துப்போனாலும் ஓர் ஐயம் எஞ்சும்: எல்லைக்காகப் பள்ளம் தோண்டினார்களா, முன்பே இருந்த பள்ளத்தை எல்லையாகக் கொண்டார்களா? அதற்கு அகழாய்வுதான் விடை தரும்.

எனவே படத்தைத் தீர்ப்பாகக் கொள்வது தவறு. விசாரணையின் தொடக்கமாகக் கொள்வதே முறை என்பது என் கருத்து. அதேவேளை, விசாரணையைத் தள்ளிப்போடவும் இயலாது. ஒவ்வோர் ஆழ உழவும் பள்ளத்தின் அடியில் எஞ்சியிருக்கும் மண்ணைக் கலைக்கிறது. வறண்ட கோடை மீண்டும் வரலாம். அதுவரை காட்டுவதற்கு நிலத்தில் ஏதேனும் மிஞ்சியிருக்க வேண்டும்.