குடந்தையை நடந்து காண்போம்

கும்பகோணத்தில் வந்து தங்கும் வெளியூர் அன்பர்களில் பெரும்பாலோர் கும்பகோணத்தைப் பார்ப்பதில்லை. விடியற்காலையில் விடுதி வாசலில் வேன் வந்து நிற்கிறது. திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம் என்று தொடங்கி, சூரியனார்கோயில், கஞ்சனூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் வழியாகத் திருநள்ளாறு வரை ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் தரிசித்து, இரவில் களைத்துத் திரும்புகிறார்கள். மறுநாள் ஊருக்குப் புறப்பாடு. இதற்கென்றே அரசுப் போக்குவரத்துக் கழகமும் சிறப்புப் பேருந்து விடுகிறது. நவக்கிரக தரிசனத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு எண்ணமில்லை. நாங்களும் இரண்டு முறை அவ்வாறு சென்று வந்தவர்களே. ஆயினும், இரவு தலை சாய்க்க மட்டுமே அந்த ஊரைப் பயன்படுத்துவது, பெருமாள் சந்நிதியின் திண்ணையில் படுத்துறங்கிவிட்டுச் சேவிக்காமல் போவதைப் போன்றது.

சென்ற தை மாதத்தில் வேறு எந்தத் தலத்தையும் சேர்த்துக்கொள்ளாமல் மூன்று நாட்கள் குடந்தையில் மட்டும் தங்கி, கூடியவரை நடந்தே தரிசித்தோம். நாங்கள் நீலகிரியில் அருவங்காட்டில் வசிப்பவர்கள். கார்டைட் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த அந்த ஊரில், பால் வாங்கச் சென்றாலும் ஓர் இறக்கம், திரும்பி வந்தாலும் ஓர் ஏற்றம். என் துணைவியாருக்கு மூட்டு வலி. ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே அவருக்குப் பகை. குடந்தையோ வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவே தட்டில் வைத்தாற்போன்ற சமதளம். மலைக்காரர்களுக்கு அங்கே முழங்காலைவிட வெயிலே சோதனை. ஆகையால் தையிலோ மாசியின் தொடக்கத்திலோ செல்வதே உசிதம்.

கோவையில் ஓர் இரவு தங்கினால், காலையில் மயிலாடுதுறை செல்லும் ஜன சதாப்தி ரயில் நண்பகல் அளவில் குடந்தையில் இறக்கிவிடுகிறது. திருக்கோயில்கள் பகல் பன்னிரண்டு மணியளவில் நடை சாத்தி, மாலை நான்கு மணிக்கு மேல்தான் திறக்கும். ஆதலால் அந்த இடைவேளை உண்டு உறங்குவதற்கு என்றே அமைந்துவிடுகிறது. முதியோர்க்கு இதைவிட நல்ல கால அட்டவணையை எவரும் வகுத்துத் தர இயலாது.

நடந்து பார்ப்பதில் அப்படி என்ன தனிச் சிறப்பு என்று கேட்கலாம். குடந்தையின் தல புராணம் ஒரே கதை. அந்தக் கதை ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. பிரளய காலத்தில் பிரம்மதேவர் அமுதமும் படைப்பின் வித்துகளும் நிறைந்த கும்பத்தை உரியில் வைத்து, மாவிலையும் தேங்காயும் வில்வமும் பூணூலும் சாற்றி வெள்ளத்தில் மிதக்கவிட்டார். வெள்ளம் வடிந்து கும்பம் தங்கிய இடத்தில் சிவபெருமான் வேடனாக வந்து அம்பெய்து அதனை உடைத்தருளினார். கும்பத்தின் மீதிருந்த ஒவ்வொரு பொருளும் விழுந்த இடத்தில் ஓர் ஆலயம். வில்வம் விழுந்த இடம் நாகேஸ்வரன் கோயில். உரி விழுந்த இடம் சோமேஸ்வரர் கோயில். பூணூல் விழுந்த இடம் கௌதமேஸ்வரர் கோயில். தேங்காய் விழுந்த இடம் அபிமுகேஸ்வரர் கோயில். அம்பு எய்த இடம் பாணபுரீஸ்வரர் கோயில். வழிந்த அமுதம் மகாமகக் குளமாகவும் பொற்றாமரைக் குளமாகவும் தேங்கியது. இவற்றைக் காரில் ஏறி இறங்கிப் பார்த்தால் ஐந்தாறு தனித்தனிக் கோயில்கள். நடந்தாலோ, கதை கால்களுக்குக் கீழே தொடர்ந்துகொண்டே வருகிறது. வில்வத்திலிருந்து உரிக்குச் சில நிமிட நடை. உரியிலிருந்து அமுதத்திற்கு ஒரு தெருத் திருப்பம்.

முதல் நாள் மாலை மகாமகக் குளம். ஆறு ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு. குளத்தினுள்ளே இருபது தீர்த்தக் கிணறுகள். கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். மண்டபங்களைக் கட்டுவித்தவர் தஞ்சை நாயக்க மன்னர் மூவருக்கு அமைச்சராய் விளங்கிய கோவிந்த தீட்சிதர். மக்கள் அவரை 'ஐயன்' என்றே அழைத்தார்கள். தஞ்சைக்குச் செல்லும் வழியிலுள்ள ஐயம்பேட்டை அவர் பெயரால் அமைந்த ஊர். மண்டபங்களுள் ஒன்றின் விதானத்தை அண்ணாந்து பாருங்கள். அரசர் தம் எடைக்கு எடை பொன் கொடுக்கும் துலாபாரக் காட்சியைக் கல்லில் காணலாம். வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தராசும் நகைக்கடனுமாகக் காலம் கழித்த எனக்கு அந்தத் தராசைவிட்டு நகர மனம் வரவில்லை. அடகு வைக்கப்படாமல் அறத்திற்கென்றே நிறுக்கப்பட்ட பொன் அல்லவா!

வடகரையில் காசி விஸ்வநாதர் ஆலயம். கங்கை, யமுனை, நர்மதை, சரஸ்வதி, காவிரி, கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, சரயு என்னும் ஒன்பது நதித் தேவியரும் அங்கே கன்னியராக எழுந்தருளியிருக்கிறார்கள். மாந்தர் தங்களிடம் கழுவிச் சென்ற பாவங்களைத் தாங்களே போக்கிக்கொள்ள இந்நதிகள் மகாமகத்தில் நீராட வந்தனவாம். பிறரின் சுமையைச் சுமந்தவர்களுக்கும் ஓர் இறக்கிடம் வேண்டும் என்று நினைத்த முன்னோரின் உள்ளம் எத்தகையது! கீழ்க்கரையில் அபிமுகேஸ்வரரையும் அருகே கௌதமேஸ்வரரையும் தரிசித்துக் குளத்தை ஒரு முறை வலம் வருவதற்குள் விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது. வழியில் அமர்வதற்குப் படிகளுக்குக் குறைவில்லை. நாங்கள் நான்கு இடங்களில் அமர்ந்தோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குரு சிம்ம ராசியில் நிற்கும் மாசி மாதத்தில், பௌர்ணமியும் மக நட்சத்திரமும் கூடும் நாளே மகாமகம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். என் வயதையொத்த நண்பர்கள் சிலர் இப்போதே, "இதை விட்டால் அடுத்ததற்கு இருப்போமோ, மாட்டோமோ" என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஏக்கம் எனக்கும் உண்டு. ஆனால் 1992-ஆம் ஆண்டு மகாமகத்தன்று அந்தக் கரையில் ஏற்பட்ட நெரிசலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நம் தலைமுறை மறந்திருக்காது. அதன் பிறகு ஏற்பாடுகள் மிகவும் சீரடைந்துள்ளன என்பது உண்மையே. எனினும் எழுபதை நெருங்கும் கால்கள் இலட்சக்கணக்கானோர் நடுவே தம் விருப்பப்படி நிற்கவும் அமரவும் இயலாது. மாசி மகம் ஆண்டுதோறும் வருகிறது. குளமும் கிணறுகளும் ஒன்பது கன்னியரும் எந்நாளும் அங்கேயே இருக்கிறார்கள். துணைவியார் இதை ஒப்பவில்லை. "கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதும் ஒரு பாக்கியம்தானே" என்றார். எங்களுக்குள் இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை.

மறுநாள் அதிகாலையிலேயே புறப்பட்டோம். தேவாரம் 'குடந்தைக் கீழ்க்கோட்டம்' என்று போற்றும் நாகேஸ்வரன் கோயில், முற்காலச் சோழர் திருப்பணி. கருவறைப் புறச்சுவரில் நிற்கும் ஆடவர் பெண்டிர் சிற்பங்களைத் தெய்வ உருவங்கள் என்று சொல்வதா, அக்காலத்தில் அத்தெருக்களில் நடமாடிய மனிதர்கள் என்று சொல்வதா? இதழோரத்துப் புன்னகை இன்னும் மறையவில்லை. காலை இளவெயில் பக்கவாட்டில் படும்போது காண்பதே அழகு. சித்திரை மாதம் 11, 12, 13 ஆகிய நாட்களில் சூரியக் கதிர் இராஜகோபுரத்தைக் கடந்து வந்து சிவலிங்கத்தின்மீது படும். நடராஜர் மண்டபம் சக்கரங்கள் பூட்டிய தேராக அமைந்துள்ளது.

அங்கிருந்து சார்ங்கபாணி சந்நிதித் தெரு. இத்தெருவின் ஒரு சிறிய ஓட்டு வீட்டில்தான் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் வளர்ந்தார். 1887-ல் ஈரோட்டில் பிறந்த அவருக்கு இளமை முழுவதும் குடந்தையிலேதான். தந்தையார் புடவைக் கடையில் கணக்கெழுதியவர். பின்னாளில் மகனும் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்தார். அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போனார். இன்று சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அவ்வீட்டை நினைவில்லமாகப் பேணி வருகிறது. தெருவைப் பார்த்த சன்னல், அதன் அருகே ஒரு கட்டில். வேறு ஆடம்பரம் ஒன்றுமில்லை. தம் கணிதமெல்லாம் நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருள் என்று சொன்னவர் அவர். வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தால் பதினொரு நிலை இராஜகோபுரம் தெரு முனையை நிறைத்து நிற்கிறது. நித்தமும் அக்கோபுரத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்கு எண்ணிலடங்காமை அந்நியமாயிருந்திராது என்று எனக்குத் தோன்றியது.

சார்ங்கபாணிப் பெருமாளை ஆழ்வார்கள் 'ஆராவமுதன்' என்று கொண்டாடினார்கள். அந்தத் திருநாமம் வரும் பாசுரங்களைச் சிலர் பாடக் கேட்டதிலிருந்துதான் நாதமுனிகள் மறைந்துபோன திவ்யப் பிரபந்தத்தைத் தேடிக் குடந்தைக்கு வந்தார் என்பது வைணவ மரபு. அவ்வகையில் நாலாயிரமும் நமக்குத் திரும்பக் கிடைக்க வாசல் திறந்த தலம் இது. திருமழிசையாழ்வாரின் வேண்டுகோளுக்கிணங்கி எழுந்திருக்க முற்பட்ட நிலையிலேயே பெருமாள் சயனித்திருக்கிறார். குதிரைகளும் யானைகளும் இழுக்கும் தேர் வடிவில் கருவறை. உத்தராயணத்திற்கு ஒரு வாசல், தட்சிணாயனத்திற்கு ஒரு வாசல். நாங்கள் சென்றது தை மாதமாதலால் உத்தராயண வாசல் வழியே சேவித்தோம்.

அருகிலேயே சோமேஸ்வரர். பின்பு பொற்றாமரைக் குளக்கரை வழியே நடந்தால் ஆதிகும்பேஸ்வரர் கோயில். உடைந்த கும்பத்தின் ஓடுகளையும் அமுதம் நனைத்த மணலையும் சேர்த்துப் பெருமானே பிடித்த திருமேனி என்பதால் இங்கே நீரால் அபிஷேகம் இல்லை. புனுகு சாற்றுவதே வழக்கம். மங்களாம்பிகையின் சந்நிதியில் துணைவியார் நெடுநேரம் நின்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. ஒரே கல்லில் 27 நட்சத்திரங்களும் 12 ராசிகளும் செதுக்கிய மண்டபத்தில் தத்தம் நட்சத்திரத்தைத் தேடுவது இங்கு வரும் குடும்பத்தினருக்கு ஒரு விளையாட்டு. கல்லில் செய்த நாகஸ்வரம் ஒன்றையும் இக்கோயிலார் பாதுகாத்து வருகிறார்கள். வெளியே வரும்போது மணி பதினொன்று. கல் தரை சுடத் தொடங்கிவிட்டது. காலுறை ஒரு சோடியும், செருப்பை வைத்துக்கொள்ளத் துணிப்பை ஒன்றும் முதியோர் கையில் அவசியம் இருக்கட்டும்.

திரும்பும் வழியில் கடைத்தெரு. டிகிரி காப்பிக்குப் பித்தளை டபரா, கொழுந்து வெற்றிலை, குத்துவிளக்கு. வங்கிக்காரனாகையால் ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: இன்று நாடெங்கும் கிளைகள் உள்ள சிட்டி யூனியன் வங்கி, 1904-ல் 'கும்பகோணம் பேங்க் லிமிடெட்' என்ற பெயரில் இந்த வணிகர்களை நம்பித் தொடங்கப்பட்டதே.

மாலையில் சக்கரபாணி கோயில். சூரியனின் ஒளிச் செருக்கை அடக்கிய பெருமாள், எட்டுத் திருக்கரங்களோடு சேவை சாதிக்கிறார். அங்கிருந்து வடக்கே சிறிது நடந்தால் காவிரியின் சக்கரப் படித்துறை. மகாமகத்தன்று சைவத் திருக்கோயில் மூர்த்திகள் குளத்திலும் வைணவத் திருக்கோயில் மூர்த்திகள் இப்படித்துறையிலுமாகத் தீர்த்தவாரி காண்கிறார்கள். காவிரிக் கரையில் சங்கர மடம். 1907-ல் மகா பெரியவருக்குப் பட்டாபிஷேகம் நடந்தது இம்மடத்தில்தான். அப்போது அவருக்கு வயது பதின்மூன்றுக்கும் குறைவு.

மூன்றாம் நாள் காலையை முழுவதுமாக ராமசாமி கோயிலுக்கென்று ஒதுக்கினோம். சக்கரபாணி கோயிலையும் இதனையும் இணைக்கவே கோவிந்த தீட்சிதர் நடுவே ஒரு கடைவீதியை அமைத்தார் என்பர். அதுவே இன்றைய சின்னக் கடைவீதி. இரகுநாத நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்கள் நிறைந்த முன்மண்டபத்தைக் கடந்தால், ஒரே ஆசனத்தில் சீதாபிராட்டியும் இராமபிரானும் பட்டாபிஷேகக் கோலத்தில் வீற்றிருக்கிறார்கள். பரதன் குடை பிடிக்க, சத்ருக்னன் கவரி வீச, இலக்குவன் ஏவலுக்குக் காத்து நிற்க, அனுமனின் ஒரு கையில் வீணை, மறு கையில் இராமாயணச் சுவடி.

பிராகாரச் சுவரில் இராமாயணம் முழுவதும் வண்ண ஓவியங்களாகத் தொடர்கிறது. வரிசையாகப் படித்துக்கொண்டே சென்றால் மூன்று சுற்றில் கதை நிறைவுறும்; அதுவே மூன்று பிரதட்சிணமும் ஆகிறது. முதல் சுற்றில் துணைவியார் என் தோளைப் பற்றிக்கொண்டு நடந்தார். காடேகும் படலம் வந்தபோது கையை விட்டுவிட்டார். மூன்றாம் சுற்றில், பள்ளி விடுமுறைக்குப் பாட்டியோடு வந்திருந்த இரண்டு சிறுவர்களுக்கு ஒவ்வொரு படத்தையும் விளக்கியபடி எனக்கு நாலடி முன்னே போய்க்கொண்டிருந்தார். பிற்பகல் ரயிலுக்கு இன்னும் நேரமிருந்ததால் நானும் அவசரப்படுத்தவில்லை.